பழைய சரக்குக் கப்பலில் எரிபொருளை மிச்சப்படுத்த: எதில் முதலில் பணம் போடலாம்?

கப்பல் நிர்வாக அலுவலகங்களில் இப்போது அடிக்கடி எழும் கேள்வி இது. கையில் 2013 வாக்கில் கட்டிய ஒரு பல்க் கேரியர் இருக்கிறது. 82,000 டன் கொள்ளளவு, காம்சார்மேக்ஸ் வகை. நிலக்கரி, தானியம், தாது என்று கிடைத்ததை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. ஆண்டு முடிவில் அதன் கார்பன் மதிப்பீடு, அதாவது சி.ஐ.ஐ., 'ஏ' முதல் 'இ' வரையான வரிசையில் 'டி' என்று வந்துவிட்டது. கப்பலை நீரிலிருந்து வெளியே எடுத்துப் பழுதுபார்க்கும் அடுத்த ட்ரை டாக் 2028இல், பதினைந்தாம் ஆண்டுச் சிறப்பு ஆய்வோடு. அதற்குள் மேசைமேல் விலைப்பட்டியல்கள் குவிந்துவிட்டன. ஒருவர் சிலிக்கான் பெயின்ட் என்கிறார். இன்னொருவர் புரொப்பல்லருக்கு முன்னால் ஒரு வளையம் வைக்கச் சொல்கிறார். மூன்றாமவர் டெக்கில் பாயையே நிறுத்தலாம் என்கிறார். ஒவ்வொன்றிலும் ஒரு சதவீதம் தடித்த எழுத்தில் இருக்கும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் கப்பல் பாதி எரிபொருளில் ஓடிவிடும் போலிருக்கும்.

ஓடாது. அந்தச் சதவீதங்கள் ஒன்றோடொன்று கூடுவதில்லை, சில ஒன்றையொன்று தின்றுவிடும். எதை எடுப்பது என்பதைக் கருவியின் தரத்தைவிட, உங்கள் கப்பல் யாருக்காக, எந்தக் கடலில், இன்னும் எத்தனை காலம் ஓடப்போகிறது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அதனால் அளவுகோல்களை முதலில் வைத்துக்கொள்வோம்.

## எதை வைத்து அளப்பது

முதல் கேள்வி: எரிபொருளுக்குக் காசு யார் தருகிறார்கள்? டைம் சார்ட்டரில், அதாவது நாள் வாடகைக்கு, கப்பல் போயிருந்தால் பங்க்கர் (கப்பல் எரிபொருள்) செலவு அதை வாடகைக்கு எடுத்த சார்ட்டரருடையது. நீங்கள் பத்து லட்சம் டாலர் போட்டுக் கருவி வைத்தால் மிச்சம் அவர் கணக்கில் சேரும். வாயேஜ் சார்ட்டரில், அதாவது ஒரு பயணத்துக்கு இவ்வளவு கூலி என்று, ஓடினால் மிச்சம் முழுக்க உங்களுடையது. கப்பல் துறையில் நல்ல தொழில்நுட்பங்கள் பல ஆண்டுகளாக விற்காமல் கிடந்ததற்கு இந்த ஒரு விஷயம் பெரிய காரணம். கருவி விற்க வருபவர் இதைப் பற்றிப் பேசமாட்டார்.

இரண்டாவது, கப்பலுக்கு மிச்சம் இருக்கும் ஆயுள். பல்க் கேரியர் இருபத்தைந்து ஆண்டு ஓடலாம். ஆனால் உங்கள் கையில் அத்தனை நாள் இருக்குமா? ஐந்தாண்டில் விற்கப்போகும் கப்பலில் ஏழாண்டில் காசு திரும்பும் வேலையைச் செய்தால், வாங்குபவர் அதற்கென்று தனியாக விலை தருவார் என்று நம்ப முடியாது.

மூன்றாவது, எந்தச் சட்டம் உங்களைக் கடிக்கிறது என்பது. சர்வதேச கடல்சார் அமைப்பின் சி.ஐ.ஐ. விதி 2023 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. 5,000 மொத்த டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஆண்டு முழுக்க விட்ட கரியமில வாயுவை, கொள்ளளவும் ஓடிய தூரமும் பெருக்கி வரும் தொகையால் வகுத்து, 'ஏ' முதல் 'இ' வரை மதிப்பெண் போடுகிறார்கள். வரம்பு ஆண்டுதோறும் இறுகுகிறது. 2019ஆம் ஆண்டு அளவிலிருந்து 2023இல் 5 சதவீதம், 2026இல் 11 சதவீதம், 2030இல் 21.5 சதவீதம் குறைய வேண்டும். ஆகவே இன்று 'சி' வாங்கும் கப்பல் எதுவும் செய்யாமல் நின்றாலே தானாக 'டி'க்குச் சரிந்துவிடும். தொடர்ந்து மூன்று ஆண்டு 'டி' அல்லது ஒரு முறை 'இ' வாங்கினால் திருத்தத் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். அபராதம் கிடையாது. ஆனால் சார்ட்டர் பேச உட்காரும்போது அந்த எழுத்து மேசைக்கு வந்துவிடுகிறது.

ஐரோப்பாவில் கதை வேறு. அங்கே எழுத்தோடு நிற்காமல் காசே போகும். ஐரோப்பிய ஒன்றியத் துறைமுகத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணத்தின் உமிழ்வில் பாதிக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அந்தப் பாதியிலும் 2024இல் 40 சதவீதத்துக்கு என்று தொடங்கி, 2025இல் 70, 2026இன் உமிழ்வுக்கு முழுதாக 100 என்று ஏற்றிவிட்டார்கள். சீட்டு டன்னுக்கு 70 யூரோ என்று வைத்துக்கொண்டால், ஒரு டன் கனரக எரிபொருள் 3.114 டன் கரியமில வாயு விடும் கணக்கில், அந்தப் பயணத்தில் எரியும் ஒவ்வொரு டன்னுக்கும் சுமார் 109 யூரோ கூடுதல். அதாவது அங்கே போகும் கப்பலுக்கு எரிபொருள் விலையே வேறு. உலக அளவில் இப்படி ஒரு கட்டணம் கொண்டுவரும் திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் இறுதி முடிவை ஓராண்டு தள்ளிப்போட்டார்கள். அதை நம்பி இன்று முதலீட்டுக் கணக்குப் போடுவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

கடைசியாக, கிடைத்த மிச்சத்தை அளந்து காட்ட முடியுமா? காற்று, அலை, நீரோட்டம், சரக்கின் எடை எல்லாம் நாளுக்கு நாள் மாறும் கடலில் மூன்று சதவீதம் என்பது புள்ளிகளின் சிதறலுக்குள் காணாமல் போய்விடும்.

## வழி 1: வேகத்தைக் குறைப்பது

எஞ்சின் தர வேண்டிய சக்தி, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி ஏறுகிறது. வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் நாளொன்றுக்கான செலவு ஏறக்குறைய 27 சதவீதம் குறையும். பயணம் நீளுவதால் மொத்த மிச்சம் அதைவிடக் கணிசமாகக் குறைவு.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். நம் கப்பல் 13 நாட் (மணிக்கு 13 கடல் மைல்) வேகத்தில் முதன்மை எஞ்சினுக்கு நாளுக்கு 28 டன், ஜெனரேட்டருக்கு 3 டன் எரிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 6,000 கடல் மைல் ஓட 19.2 நாள், மொத்தம் சுமார் 596 டன். 11.7 நாட்டுக்கு இறக்கினால் 21.4 நாள், 500 டன். மிச்சம் 96 டன். எரிபொருள் டன் 600 டாலர் என்றால் 57,600 டாலர். கரியமில வாயுவில் சுமார் 300 டன். இதற்கு நீங்கள் கொடுத்தது 2.1 நாள் கூடுதல் ஓட்டம். நாளொன்றுக்குச் சந்தையில் 15,000 டாலர் கிடைக்கும் காலத்தில் இது லாபம். 27,000 டாலரைத் தாண்டினால் வேகமாக ஓடுவதே லாபம்.

இன்னும் இறக்கி 10.4 நாட்டுக்கு வந்தால்? 24 நாள், 417 டன். இந்த இரண்டாம் படியில் கிடைக்கும் மிச்சம் 83 டன்தான், ஆனால் விலை 2.7 நாள். லாபம் நட்டமாக மாறும் புள்ளி நாளுக்கு 18,700 டாலருக்கு வந்துவிட்டது. மும்மடி விதி குறைந்த வேகத்தில் அவ்வளவு சுத்தமாக வேலை செய்வதுமில்லை, எஞ்சினின் செலவுத் திறனும் இறங்கும். ஆகவே உண்மையில் இதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும்.

மறைந்திருக்கும் செலவுகள் எஞ்சின் ரூமில் இருக்கின்றன. சுமை முப்பது, முப்பத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போனதும் எஞ்சினுக்குக் காற்றூட்டும் ஆக்சிலரி புளோயர் ஓடத் தொடங்கி மின்சாரம் தின்னும். புகைபோக்கி வெப்பத்தில் நீராவி எடுக்கும் எக்கனாமைசர் போதாமல், பாய்லரைத் தனியாக எரிக்க வேண்டிவரும். அதே எக்கனாமைசரில் புகைக்கரி படியும். அதைக் கழுவாமல் விட்டால் தீப்பிடிக்கும் வரை போகும். வாரக்கணக்கில் குறைந்த சுமையில் ஓட்டுகிறவர்கள் அவ்வப்போது சுமையை ஏற்றி ஊதி எடுப்பது இதற்காகத்தான். சீஃப் இன்ஜினியரிடம் கேட்காமல் அலுவலகத்திலிருந்து வேகத்தை நிர்ணயிக்கும் நிறுவனங்கள் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதியை உதிரிப் பாகங்களுக்குக் கொடுத்துவிடுகின்றன.

வேகக் குறைப்பிலேயே ஒரு வகை மட்டும் கிட்டத்தட்ட இலவசம். துறைமுகத்தில் இடம் காலியாகும் நாளுக்குச் சரியாகப் போய்ச் சேருவது. இன்று பல இடங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. முதலில் வந்தவருக்கு முதல் இடம் என்பதால் கப்பல் விழுந்தடித்து வந்து, 'தயார்' நோட்டீஸ் கொடுத்துவிட்டு, வெளியே நங்கூரம் போட்டு ஒரு வாரம் நிற்கும். தாமதக் கட்டணத்தின் (டெமரேஜ்) கடிகாரம் ஓட வேண்டும் என்றால் வந்து நின்றாக வேண்டும். சார்ட்டரிலும் 'முடிந்த விரைவோடு' போக வேண்டும் என்று எழுதியிருக்கும். நிலக்கரி ஏற்றும் ஆஸ்திரேலியாவின் நியூகாசில் துறைமுகத்தில், வரிசை எண்ணை முன்பே கொடுத்து மெதுவாக வரச் சொல்லும் முறை இருக்கிறது. அப்படி இல்லாத இடத்தில், சார்ட்டர் ஒப்பந்தத்திலேயே வருகை நேரத்துக்கு ஒரு விதி சேர்த்து, மிச்சத்தை இருவரும் பகிர்ந்துகொள்ளப் பேச வேண்டும். இதற்குச் செலவு வக்கீல் கட்டணம் மட்டும்தான்.

எப்போது சரி: சரக்குக் கூலி இறங்கிக் கிடக்கும் காலம், 'டி'யிலிருந்து இந்த ஆண்டே ஏற வேண்டிய அவசரம். எப்போது வேண்டாம்: கூலி ஏறும் காலம், சூடான கடலில் குறுகிய ஓட்டங்கள்.

## வழி 2: அடிப்பாகத்தைச் சுத்தமாக வைப்பது

இதில்தான் நான் அதிக நேரம் செலவழிக்கப் போகிறேன். பெரும்பாலான பழைய கப்பல்களில் காசு ஒழுகும் இடம் இதுதான்.

நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக் காலம். விசைப்படகுக்காரர்கள் பலர் அந்த நாட்களில் படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய பாசியையும் கொட்டலசையும் சுரண்டி, புது வண்ணம் பூசுவார்கள். டீசல் செலவு என்னவென்று அவர்களுக்குத் தெரியும். 229 மீட்டர் நீளக் கப்பலை அப்படி ஆண்டுக்கொரு முறை கரையேற்ற முடியாது. ஐந்தாண்டுக்கு ஒரு பூச்சு, இடையில் நீருக்கடியில் துலக்கல், அவ்வளவுதான். சர்வதேச கடல்சார் அமைப்பின் ஆதரவில் வந்த ஓர் ஆய்வின்படி, அரை மில்லிமீட்டர் கனமுள்ள வழுவழுப்பான படலம் அடிப்பாகத்தில் பாதியளவு படிந்தாலே உமிழ்வு 25 முதல் 30 சதவீதம் வரை ஏறக்கூடும். கையால் தொட்டால் பிசுபிசுப்பாகத் தெரியும் படலம், அவ்வளவுதான். கொட்டலசு வந்தால் இன்னும் மோசம்.

செலவு குறைந்த வேலையிலிருந்து தொடங்கலாம். புரொப்பல்லர் மெருகேற்றுவது முங்குநீச்சல்காரர்கள் நங்கூரத்திலேயே சில மணி நேரத்தில் முடிக்கும் வேலை. 'ஏ' முதல் 'எஃப்' வரையான ரூபர்ட் மாதிரித் தகட்டோடு ஒப்பிட்டு, 'ஏ', 'பி' வழவழப்புக்குக் கொண்டுவருவார்கள். இத்தனை காசுக்கு இத்தனை பலன் தரும் வேறு வேலை கப்பலில் இல்லை என்பேன். அப்புறம் அடிப்பாகத் துலக்கல். படலம் மென்மையாக இருக்கும்போதே மெல்லிய தூரிகையால் துடைக்க வேண்டும். கொட்டலசு பிடித்து இறுகிய பிறகு கடினத் தூரிகை போட்டால் பெயின்டும் சேர்ந்து வரும். அடுத்த முறை படலம் இரண்டு மடங்கு வேகத்தில் பிடிக்கும்.

மறைச் செலவு இங்கே துறைமுக விதியில் இருக்கிறது. செம்பு கலந்த பெயின்ட் துகளும் அந்நியக் கடலுயிர்களும் நீரில் கலக்கும் என்பதால் பல துறைமுகங்கள் துலக்க அனுமதிப்பதில்லை, அல்லது கழிவை உறிஞ்சி எடுக்கும் கருவியோடு மட்டும் அனுமதிக்கின்றன. நியூசிலாந்தில் அழுக்கு அடிப்பாகத்தோடு வந்தால் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பவும் கூடும்.

ட்ரை டாக்கில் எடுக்க வேண்டிய பெரிய முடிவு பெயின்ட். தன்னைத்தானே கரைத்துக்கொண்டு புதுப்பரப்பைக் காட்டும் வழக்கமான விஷப் பூச்சு ஒன்று, எதுவும் ஒட்டமுடியாதபடி வழுக்கும் சிலிக்கான் பூச்சு மற்றொன்று. சிலிக்கான் நல்லதுதான், ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள். கப்பல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஓடும்போதுதான் ஒட்டியது கழன்று விழும். இழுவைப் படகு (டக்), கரைமேடைத் தடுப்பு (ஃபெண்டர்), நங்கூரச் சங்கிலி உரசினால் கிழியும், ஒட்டுப்போடுவதும் சிரமம். நாளைக்கு வழக்கமான பெயின்டுக்குத் திரும்ப நினைத்தால் முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும்.

பெயின்டின் பெயரைவிட முக்கியமானது அதற்குக் கீழே இருக்கும் இரும்பு. மூன்று டாக்கிங்கில் அங்கங்கே மட்டும் சுரண்டிப் பூசிய அடிப்பாகம், வண்ணம் அடுக்கடுக்காக ஏறிச் சொரசொரத்துக் கிடக்கும். அதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த பெயின்ட் அடித்தாலும் சொரசொரப்பு அப்படியேதான். முழுக்க மணல்வீச்சு அடித்து வெறும் இரும்புக்குக் கொண்டுவந்து, வழக்கமான நல்ல பெயின்டைப் பூசுவது பல நேரம் மேல். அதற்கு டாக்கில் கூடுதல் நாட்கள் ஆகும். மழைக்காலத்தில் டாக் போட்டால் இன்னும் இழுக்கும்.

எப்போது சரி: எப்போதும். கேள்வி அளவைப் பற்றியதுதான். எந்த வகை: நீண்ட ஓட்டம், குறைந்த காத்திருப்பு உள்ள கப்பலுக்குச் சிலிக்கான். வங்கக்கடலில் வாரக்கணக்கில் நங்கூரத்தில் நிற்கும் கப்பலுக்கு, நிற்பதைத் தாங்கும் நாட்கள் பெயின்ட் உத்தரவாதத்தில் எத்தனை என்று பார்த்து வாங்குங்கள்.

## வழி 3: புரொப்பல்லர் பக்கத்துச் சேர்க்கைகள்

புரொப்பல்லருக்கு முன்னால் வைக்கும் மியூவிஸ் டக்ட் போன்ற வளையம், நீர் உள்ளே வரும் விதத்தை ஒழுங்குபடுத்துகிறது. பின்னால் நடுக்குமிழில் வைக்கும் சிறு துடுப்புத் தொப்பி, ஜப்பானில் 1987இல் வந்தது, சுழல் இழப்பைக் குறைக்கிறது. பருத்த பின்புறமும் மெதுவான ஓட்டமும் கொண்ட பல்க் கேரியருக்கு முன்வளையம் நன்றாகப் பொருந்தும். மூன்று முதல் ஆறு சதவீதம் என்று எதிர்பார்க்கலாம். அதற்குமேல் சொன்னால் எந்த வேகத்தில், எந்த ஆழத்தில் என்று கேளுங்கள்.

தொல்லைகள் மூன்று. கப்பலைக் கட்டிய யார்டு (கப்பல் கட்டுந்தளம்) அதன் உடல் வரைபடத்தைத் தரமறுத்தால் லேசர் வைத்து அளக்க வேண்டும். பற்றவைப்பில் விரிசல் வரலாம், அதை அடுத்த டாக்கில்தான் பார்க்க முடியும். மூன்றாவது, வடிவமைத்த வேகத்தை விட்டு வெகுதூரம் இறங்கினால் பலனும் மாறும்.

எப்போது சரி: ட்ரை டாக் எப்படியும் வருகிறது, கப்பல் இன்னும் ஏழெட்டு ஆண்டு உங்கள் கையில். எப்போது வேண்டாம்: இதற்கென்றே தனியாக டாக் போடுவது.

## வழி 4: காற்று

சுழலும் உருளையைக் காற்றில் நிறுத்தி உந்துவிசை எடுக்கும் யோசனையை அன்டன் ஃபிளெட்னர் 1924இலேயே புக்காவ் என்ற கப்பலில் செய்து காட்டினார். எண்ணெய் மலிவாக இருந்ததால் அது தூங்கிப்போனது. இப்போது திரும்பியிருக்கிறது. மெர்ஸ்க் பெலிகன் என்ற எண்ணெய்க் கப்பலில் 30 மீட்டர் உயர உருளைகள் இரண்டை 2018இல் நிறுத்தி, ஓராண்டு ஓட்டத்தில் 8.2 சதவீத எரிபொருள் மிச்சம் என்று சுயேச்சையாகச் சரிபார்த்தார்கள். நம் கப்பலின் அதே அளவிலான பிக்சிஸ் ஓஷன் 2023 ஆகஸ்டில் 37.5 மீட்டர் உயரமுள்ள இரண்டு கெட்டியான இறக்கைப் பாய்களோடு கிளம்பியது. முதல் ஆறு மாதத்தில் சராசரியாக நாளுக்கு 3 டன் மிச்சம் என்றார்கள். ஆண்டில் 250 நாள் கடலில் ஓடினால் 750 டன், நம் விலையில் நாலரை லட்சம் டாலர்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 'சராசரி' என்பது வழித்தடத்தின் சராசரி. வட அட்லாண்டிக், வட பசிபிக், தெற்கின் வணிகக் காற்று வீசும் பாதைகளில் ஓடும் கப்பலும், நிலநடுக்கோட்டை ஒட்டி இந்தோனேசியாவிலிருந்து நிலக்கரி கொண்டுவரும் கப்பலும் ஒரே கணக்கில் வராது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய்விரித்துப் போன தோணிக்காரர்கள் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் போவது என்று பார்த்தே சரக்கு ஏற்றினார்கள். கிடைத்த இடத்துக்குக் கிடைத்த சரக்கோடு போகும் டிராம்ப் கப்பலுக்கு அந்த வசதி கிடையாது.

மறைச் செலவுகளும் கனமானவை. டெக்கை வலுப்படுத்த வேண்டும். கப்பலை ஓட்டும் அறையிலிருந்து முன்பக்கப் பார்வை மறைகிறதா என்று, கப்பலுக்குத் தகுதிச் சான்று தரும் வகைப்பாட்டு நிறுவனம் பார்க்கும். பாலங்களுக்கு அடியில் போகும் துறைமுகமானால் சாயும் வகை வேண்டும். சொந்தக் கிரேன் உள்ள சூப்ராமேக்ஸ் கப்பலில் பாய் நிறுத்த இடமே பெரும்பாடு. கரையில் நிலக்கரி இறக்கும் கிராப் கிரேன் ஓட்டுபவர் இந்தக் கம்பத்தைச் சுற்றி வேலை செய்ய மறுத்தால் உங்கள் கப்பல் அந்தத் துறைமுகத்தில் விலக்கப்பட்டதாகிவிடும். இதையெல்லாம் தாண்டி, செலவு பல பத்து லட்சம் டாலர்.

இருந்தும் ஒரு விஷயம் இதன் பக்கம் இருக்கிறது. மற்ற கருவிகள் எஞ்சின் செலவில் இத்தனை சதவீதம் என்று மிச்சம் தருபவை. கப்பல் மெதுவானால் அவற்றின் டன் கணக்கு சுருங்கும். ஐந்து சதவீத வளையம் 13 நாட்டில் நாளுக்கு 1.4 டன் தரும், 10.4 நாட்டில் 0.7 டன்தான். காற்று அப்படிச் சுருங்குவதில்லை. உந்துவிசை அதேயளவு இருக்க, வேகத்தின் விகிதத்தில் மட்டும் குறைகிறது. 3 டன் 2.4 ஆகலாம், ஆனால் 28 டன்னில் 11 சதவீதமாக இருந்தது 14.3 டன்னில் 17 சதவீதமாகிவிடும். மெதுவாக ஓடுவது என்று தீர்மானித்துவிட்ட கப்பலுக்கு வளையத்தைவிடக் காற்று பொருத்தமாவது இதனால்தான்.

எப்போது சரி: பெரிய, கிரேனில்லாத கப்பல், நிலையான காற்றுத்தடம், நீண்ட ஒப்பந்தம், ஐரோப்பியத் துறைமுகங்கள். எப்போது வேண்டாம்: குறுகிய ஓட்டம், வெப்பமண்டல அமைதிக் கடல், ஐந்தாண்டில் விற்கும் எண்ணம்.

## வழி 5: எரிபொருளையே மாற்றுவது

நம் கப்பலுக்கு இது பெரும்பாலும் இல்லை. 2013 வாக்கில் கட்டிய பல்க் கேரியர்களில் பலவற்றில் பழைய இயந்திரக் கட்டுப்பாட்டு (கேம்ஷாஃப்ட்) எஞ்சின்தான் இருக்கிறது. மின்னணுக் கட்டுப்பாட்டு எஞ்சின் இருந்தால்தான் மெத்தனால், எல்.என்.ஜி. (திரவ இயற்கை எரிவாயு) பக்கம் போவது பற்றிப் பேசவே முடியும். மெத்தனாலில் கிலோவுக்கு 19.9 மெகாஜூல், கனரக எண்ணெயில் 40.2. தொட்டி இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும், அந்த இடம் சரக்கிலிருந்து போகும். 15,000 பெட்டிக் கொள்ளளவுள்ள ஒரு கன்டெய்னர் கப்பலை ஹப்பாக்-லாய்டு எல்.என்.ஜி.க்கு மாற்றியபோது செலவு சுமார் 3.5 கோடி டாலர். நம் கப்பலின் சந்தை விலையே அதைவிடக் குறைவாக இருக்கக்கூடும். எல்.என்.ஜி.யில் எரியாமல் நழுவும் மீத்தேன் வேறு. எஞ்சின் வகையைப் பொறுத்து அது கரியமில வாயுவில் பிடித்த மிச்சத்தைத் தின்றுவிடும்.

எஞ்சினைத் தொடாமல் செய்யக்கூடியது உயிரி எரிபொருள் கலவை, 24 அல்லது 30 சதவீதம். சான்றிதழ் சரியாக இருந்தால் சி.ஐ.ஐ. கணக்கிலும் ஐரோப்பியக் கணக்கிலும் அதற்குச் சலுகை உண்டு. விலை அதிகம். நீண்ட நாள் தொட்டியில் கிடந்தால் நீர் சேர்ந்து நுண்ணுயிர் வளரும், ஃபில்டர் அடைக்கும். இதை நிரந்தர வழியாகப் பார்க்காமல், ஆண்டுக் கடைசியில் 'டி'க்கும் 'சி'க்கும் நூலிழை தூரத்தில் நிற்கும்போது வாங்கும் ஒன்றிரண்டு பங்க்கர் என்று எடுத்துக்கொள்ளலாம். கூடுதல் விலையைச் சரக்குக்காரர் தருவதாக இருந்தால் இன்னும் நல்லது.

## சின்ன வேலைகள்

கடல்நீர் பம்புகளுக்கு வேகம் மாற்றும் டிரைவ், எல்.இ.டி. விளக்கு, சரக்குக்கேற்ற முன்பின் சாய்வு. எல்லாம் செய்யலாம். பம்பு டிரைவில் மட்டும் ஓர் எச்சரிக்கை. குளிர்விப்புப் பம்புகளை 32 டிகிரி கடல்நீருக்குக் கணக்கிட்டு வைத்திருப்பார்கள். வட கடலில் ஓடினால் பாதி வேகம் போதும். வங்கக்கடலில் நீரே 30 டிகிரியை ஒட்டி இருக்கும்போது பம்பு ஏறக்குறைய முழு வேகத்தில்தான் ஓடும்.

## ஒரே பார்வையில்

| வழி | எதிர்பார்க்கும் மிச்சம் | முதலீடு | எங்கே செய்யலாம் | எதில் இடிக்கும் |
|---|---|---|---|---|
| வேகக் குறைப்பு | பத்து சதவீத வேகத்துக்குச் சுமார் 16% | மிகக் குறைவு | ஓட்டத்தில் | இழக்கும் நாட்கள், எஞ்சின் கரி, பாய்லர் |
| துலக்கல், மெருகேற்றல் | அழுக்கைப் பொறுத்து | குறைவு | நங்கூரத்தில் | துறைமுக அனுமதி, பெயின்ட் தேய்வு |
| முழு மணல்வீச்சும் நல்ல பெயின்டும் | பழைய சொரசொரப்பைப் பொறுத்து | நடுத்தரம் | ட்ரை டாக் | கூடுதல் டாக் நாட்கள், மழை |
| முன்வளையம், துடுப்புத் தொப்பி | 3 முதல் 6% | நடுத்தரம் | ட்ரை டாக் | விரிசல், மாறிய வேகம் |
| உருளை, இறக்கைப் பாய் | தடத்தைப் பொறுத்து 5 முதல் 15% | மிக அதிகம் | யார்டு | காற்று, கரைக் கிரேன், டெக் வலு |
| உயிரிக் கலவை | உமிழ்வில் மட்டும் | முதலீடில்லை, விலை அதிகம் | பங்க்கரில் | சேமிப்பு, சான்றிதழ் |

## சரி, நம் கப்பலுக்கு எது?

முதலில் அளக்கும் ஏற்பாடு. தண்டின் முறுக்கத்தை அளக்கும் டார்க் மீட்டரும், எரிபொருள் ஓட்ட மீட்டரும், அடிப்பாகமும் புரொப்பல்லரும் எவ்வளவு திறனோடு இருக்கின்றன என்று அளக்கும் ஐ.எஸ்.ஓ. 19030 முறையில் ஒரு பதிவும். கப்பலிலிருந்து தினமும் வரும் நண்பகல் ரிப்போர்ட்டை மட்டும் நம்பி இதைச் செய்ய முடியாது. டாக்குக்கு முன்பே ஓராண்டுப் பதிவு கையில் இருக்க வேண்டும். ஏனென்றால் டாக்கில் பெயின்டும் வளையமும் சேர்ந்தே போகும். வெளியே வந்ததும் கப்பல் பன்னிரண்டு சதவீதம் குறைவாக எரித்தால், வளையக்காரரும் பெயின்ட்காரரும் இருவருமே அது தங்களுடையது என்பார்கள். அழுக்கான கப்பலை அடிப்படையாக வைத்தால் எந்தக் கருவியும் நன்றாகத்தான் தெரியும்.

அடுத்து, சதவீதங்களைக் கூட்டாமல் பெருக்குங்கள். ஐந்து, ஐந்து, பத்து என்றால் 0.95 × 0.95 × 0.90, அதாவது 18.8 சதவீதம். இது காகிதத்தில். கடலில் இன்னும் குறையும்.

2028 வரை: புரொப்பல்லர் மெருகு, மென்மையான துலக்கல், கூலியைப் பார்த்து வேகம். 2028 டாக்கில்: கப்பலை வைத்துக்கொள்வது உறுதி என்றால் முழு மணல்வீச்சு, பெயின்ட், முன்வளையம். விற்பதாக இருந்தால் பெயின்டோடு நிறுத்துங்கள். காற்றை, சார்ட்டரர் நீண்ட ஒப்பந்தத்தோடு வந்து செலவில் பங்கெடுக்கும்போது மட்டும் பேசுங்கள்.

பேசும்போது கேட்க வேண்டியது இரண்டு வடிவில் இருக்கலாம். ஒன்று, மிச்சமாகும் டன்னில் பாதியின் விலையை நாள் வாடகையோடு சேர்த்துத் தருவது. இதற்கு இருவரும் ஒப்புக்கொண்ட அளவீடும், சண்டை வந்தால் யாருடைய எண் செல்லும் என்ற வரியும் தேவை. மற்றொன்று, அளவீடே வேண்டாம், வாடகை நாளுக்கு இத்தனை டாலர் கூடுதல் என்று ஒரே தொகை. முதலாவதில் அதிகம் கிடைக்கலாம். இரண்டாவதில் வழக்கு வராது. ஒற்றைக் கப்பல் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு நான் இரண்டாவதைச் சொல்வேன். சார்ட்டரர் இரண்டுக்கும் ஒத்துவராவிட்டால், ஒப்பந்தத்தில் வேகமும் எரிபொருளும் பற்றிய உத்தரவாதத்தைப் புதிய பெயின்டுக்கு ஏற்ப இறுக்கிக் கொடுக்காதீர்கள். அந்த இடைவெளியாவது உங்களிடம் இருக்கட்டும்.